ஒரு முகம், ஒரு காலம்

வர்சாசாத் ஊரில் குடியிருந்து, படப்பிடிப்புகளில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் ஆண் பெண் அனைவரும், தாம் மனித வரலாற்றின் எந்தக் காலத்தைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்றிதழை இம்மாத இறுதிக்குள் பெற்றுக்கொள்ள வேண்டியது என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்தபோது, ஊரில் யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கக் காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் அங்கே கிடையாது. சிரித்தால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

ஊருக்கு வெளியே பொட்டல்வெளியில் அட்டையும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய எகிப்து நிற்கிறது. அதன் முதுகில் சாய்ந்தபடி ரோமாபுரி. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தீர்க்கதரிசிகளின் ஜெருசலேம், இன்னும் கொஞ்சம் நடந்தால் கி.பி. மூவாயிரம். காலையில் மேயப் போகும் ஆடு ஐயாயிரம் வருஷத்தைக் கடித்துவிட்டுச் சாயங்காலம் பால் கறக்க வீட்டுக்கு வந்துவிடும். ஊர்க்காரர்களும் அப்படித்தான். எந்த நாட்டிலிருந்து யார் எந்தக் காலத்தைப் படம் பிடிக்க வந்தாலும், அதில் சாவதற்கும் ஓடுவதற்கும் வாழ்க கோஷம் போடுவதற்கும் இந்த ஊர் ஆள்தான். பிழைப்பு தாடியை நம்பி நடந்தது. தீர்க்கதரிசிகள் காலத்துப் படம் வரப்போகிறது என்றால் ஊரே தாடி வளர்க்கும், நாவிதர்கள் பட்டினி. ரோமாபுரிப் படம் என்று சேதி கசிந்தால் ஒரே நாளில் ஊரே முகம் மழித்துவிடும், நாவிதர் வீட்டில் ஆட்டுக்கறி வேகும்.

இந்த நிம்மதியைக் கெடுத்தது மூஹாவின் முகம்.

மூஹா முப்பத்தொரு வருஷமாகக் கூட்டத்தில் நிற்பவர். இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை செத்திருக்கிறார். அவரது இடது கன்னத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு மரு. எங்கோ குளிர்தேசத்தில், வேறு வேலையில்லாத ஒரு ரசிகர் அந்த மருவைக் கவனித்துவிட்டார். பாரோவுக்கு விசிறி வீசியவரும், ரோமாபுரியில் சிங்கத்துக்கு இரையானவரும், மூவாயிரமாவது ஆண்டில் ராக்கெட்டுக்கு உதிரிபாகம் விற்றவரும் ஒரே ஆள்தானா என்று கேட்டு அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார். தன் வாழ்நாளில் கிடைத்த முதல் ரசிகர் கடிதம் என்று மூஹா அதன் நகலைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அரசாங்கமோ தேசத்தின் மானம் போய்விட்டது என்று குழு போட்டது. குழு மூன்று கடற்கரை நகரங்களுக்குச் சென்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "ஒரு முகம், ஒரு காலம்" என்ற கொள்கையைக் கண்டுபிடித்துத் திரும்பியது.

கொள்கையை நிறைவேற்றத் தலைநகர் ரபாத்திலிருந்து லஹ்லூ என்ற அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கையில் அளவுகோல், பையில் முத்திரை. மக்களை வரிசையில் நிறுத்தி, நெற்றியையும் தாடையையும் அளந்து காலம் நிர்ணயித்தார். மூஹாவுக்கு அன்று பார்த்துச் செருப்பு வார் அறுந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்தபடி, மறு கையிலிருந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே போய் நின்றார். லஹ்லூ ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார்: "பாதம்: வெறுமை. உணவு: கடித்துக் கிழித்தல். காலம்: கற்காலம்."

"சீதி, ஐயா, செருப்பு கையில இருக்கு பாருங்க" என்றார் மூஹா.

"அதை ஆயுதம்னு பதிஞ்சாச்சு. அடுத்தது யாரு?"

அடுத்தது மூஹாவின் மனைவி இத்தோ. கண்ணில் மை தீட்டியிருந்ததால் அவளுக்குப் பாரோ அரண்மனை கிடைத்தது. அன்றிலிருந்து ஒரே அடுப்படியில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஏழாயிரம் வருஷ இடைவெளி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் ரொட்டியை மட்டும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கஞ்சி எங்கடி?"

"கிண்ணம் உங்க காலத்துல இன்னும் கண்டுபிடிக்கலை. நான் என்ன பண்ணட்டும்? சட்டம்."

வீட்டில் இப்படியென்றால் வெளியே கேட்க வேண்டாம். ஒரே மாதத்தில் சான்றிதழ் மவுசு ஊரைப் பிடித்து ஆட்டியது. தேநீர்க்கடையில் நிழல் விழும் முன்வரிசை நாற்காலிகள் ரோமாபுரிக்கு என்று ஆயின. எதிர்காலத்தவர் தேநீரில் புதினாவும் சர்க்கரையும் போடுவதை நிறுத்திவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தக் காலம் என்று கேட்டார்கள். மூஹாவின் பக்கத்து வீட்டு ஹத்தூ, இருபது வருஷமாக அவரோடு ஒரே குழியில் செத்துக் கிடந்தவர், ரோமாபுரி அட்டை கிடைத்த மறுநாளே வேலியை உயர்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல. வீட்ல பொம்பளைங்க சொல்றாங்க. கற்காலத்தோட பழகினா நாளைக்குப் பிள்ளைங்களுக்கு சம்பந்தம் அமையாதாம்."

நிகழ்காலம் என்று ஒரு பிரிவும் பட்டியலில் இருந்தது. அதைப் பற்றி யாரும் அங்கே வந்து படம் எடுப்பதில்லை என்பதால் அதில் ஒருவர்கூடப் பதிவு செய்துகொள்ளவில்லை. லஹ்லூ இதையும் முறைப்படி தலைநகருக்குத் தெரிவித்தார்.

மூஹா இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படங்களுக்கு ஆள் சேர்க்கும் ஃபதூமா மூச்சிரைக்க வந்தாள்.

"மாமா, உட்காருங்க. உட்கார்ந்துட்டீங்களா? டென்மார்க் இயக்குநர் ஒருத்தர் வந்திருக்கார். நெருப்பு கண்டுபிடிச்ச நாள்லேருந்து சூரியன் அணையுற நாள் வரைக்கும் ஒரே கதை. எல்லாக் காலத்துலயும் ஒரே ஆள் நடந்து போறான். அந்த ஆளு நீங்கதான். உங்க மருவைத்தான் கேக்கறார்."

"நடக்கறதுதானே. நடப்போம்."

"கடைசியில ஒரு வசனம் இருக்கு மாமா."

மூஹா எழுந்து நின்றுவிட்டார். முப்பத்தொரு வருஷத்தில் திரையில் அவர் அலறியிருக்கிறார், முனகியிருக்கிறார், அதையும் வேறு யாரோ வெளியூரில் உட்கார்ந்து அலறிச் சேர்த்திருக்கிறார்கள். பேசியதில்லை. ஒரு வார்த்தையாவது தன் குரலில் பேசிவிட வேண்டும் என்ற ஆசை பல்வலி மாதிரி அவருக்குள் கிடந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தோவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது வசனம் வந்துவிட்டது: "நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்." நாலே நாலு வார்த்தை.

"ஆனா எல்லாக் காலத்துக்கும் அனுமதி வேணும். சனிக்கிழமை படப்பிடிப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள காகிதம் வரலைன்னா உங்க முகத்தைக் கம்ப்யூட்டர்ல செஞ்சுக்குவாங்களாம். குரலையும்தான்."

திங்கட்கிழமை அலுவலகம் திறக்குமுன்பே மூஹா வாசலில் நின்றார். நாலு பக்க விண்ணப்பத்தைத் தன் கைப்பட நிரப்பிக் கொண்டுபோயிருந்தார். லஹ்லூ அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சீதி."

"நீங்க கற்காலம். எழுத்து இன்னும் கண்டுபிடிக்கலை. இது போலி ஆவணம். நல்லவேளை, என்கிட்ட கொடுத்தீங்க. வேற யாராவதா இருந்தா வழக்குப் போட்டிருப்பாங்க."

செவ்வாய்க்கிழமை மூஹா கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு போனார். மை கண்டுபிடிக்கப்படவில்லை என்றார் லஹ்லூ. சரி, வாயால் சொல்கிறேன் என்றார் மூஹா. லஹ்லூ விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கற்காலத்தில் மொழி இருந்ததா என்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுவதால், அது தீரும்வரை வாய்மொழி மனுக்களை நிறுத்திவைக்க வேண்டியது என்று இருந்தது.

"அப்போ நான் எப்படித்தான் கேக்கறது?"

"நீங்க இப்போ கேட்டதையே நான் காதுல வாங்கலை. உங்க நல்லதுக்குத்தான்."

புதன்கிழமை அவர் பேசாமல் போய் நின்று, கையை ஆட்டி, தரையில் ஆடு போலவும் ராக்கெட் போலவும் நடித்துக் காட்டினார். இந்த முறை லஹ்லூவுக்குத் திருப்தி. மனு முறைப்படி வந்திருக்கிறது என்று பாராட்டினார். ஆனால் கோப்பில் வைக்கக் கையெழுத்து வேண்டும் அல்லவா? எழுதத் தெரியாத காலத்தவருக்கு, எழுதத் தெரிந்த அடுத்த காலத்தவர் யாராவது காப்பாளராக வந்து கையெழுத்திடலாம். அதாவது பாரோ காலம்.

மூஹா வீட்டுக்கு வந்து இத்தோவின் முன்னால் உட்கார்ந்தார். வசனத்தைப் பற்றி அன்றுதான் சொன்னார். இத்தோ சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா இதை வயித்துக்குள்ளயா வெச்சிருந்தீங்க? நடங்க, நாளைக்கு நான் வரேன்" என்றாள். அன்றைக்கு அவருக்குக் கிண்ணத்தில் கஞ்சி கிடைத்தது.

வியாழக்கிழமை இத்தோ காப்பாளர் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லஹ்லூ ஆரம்பித்தார்.

"கற்காலத்திலேருந்து பாரோ காலத்துக்கு மாற ஏழாயிரம் வருஷம் பணி மூப்பு வேணும். அங்கேருந்து ரோமாபுரிக்கு…"

"இருங்க. இந்த அட்டையில என்ன எழுதியிருக்கு, படிங்க."

"அட்டைதாரர் கற்காலத்தவர் என அரசு சான்றளிக்கிறது."

"கற்காலத்துல ராஜா உண்டா?"

"கிடையாது."

"மந்திரி? சட்டம்? ஆபீஸு?"

"அதெல்லாம் பின்னாடி வந்தது."

"அப்போ இவர் மேல உங்களுக்கு என்ன அதிகாரம்? அரசாங்கமே பிறக்காத காலத்து ஆளுன்னு நீங்களே முத்திரை குத்திக் குடுத்துட்டீங்க. குடுத்த அட்டையும் செல்லாது, எடுக்கற வரியும் செல்லாது. இந்த ஊர்ல அறுபது கற்காலத்துக்காரங்க இருக்காங்க. கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

லஹ்லூ பேனாவை மூடினார். திறந்தார். விதிப்புத்தகத்தை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தலைநகருக்குத் தொலைபேசினார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்பே பதில் வந்துவிட்டது. வரி என்ற சொல் காதில் விழுந்தால் அரசாங்கம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை ஊர் அன்றுதான் பார்த்தது. பதிலில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, மேற்படி மூஹாவுக்குத் தங்க முத்திரையிட்ட "எக்காலத்தவர்" அட்டை உடனே வழங்கப்படலாம். இரண்டு, உத்தரவின் செல்லுபடி ஐயத்துக்கு இடமாகிவிட்டதால், அட்டைதாரர் பத்துப் பேர் எழுதிக் கேட்டால் உத்தரவையே ரத்து செய்து, அலுவலகத்தை மூடி, அதிகாரி ஊர் திரும்பலாம்.

சனிக்கிழமை மூஹா நெருப்பைக் கண்டுபிடித்தார். பிரமிடுக்குக் கல் சுமந்தார், ரோமாபுரியில் ஓடினார், சிலுவைப்போரில் ஒளிந்தார். பத்தாம் நாள், சூரியன் அணைந்த பொட்டலில் தனியாக நின்று, "நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்" என்று தன் சொந்தக் குரலில் சொன்னார். மலையில் பட்டு அது திரும்பி வந்தது. இயக்குநர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இத்தோ வெளிப்படையாகவே அழுதாள். அந்த மனிதருக்கு அது கிடைக்க வேண்டியதுதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கு மறுவாரம், லஹ்லூ ஒரு தாளோடு தேநீர்க்கடைக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கடல்மீன் சாப்பிட்டு ஐந்து மாதம் ஆயிற்று, ரபாத்தில் மனைவி தொலைபேசியை எடுப்பதில்லை. அந்த ஊரிலேயே உத்தரவை ரத்து செய்ய மனதார விரும்பிய ஒரே ஆத்மா அவர்தான்.

"பத்துக் கையெழுத்து. நாளைக்கே எல்லாரும் பழையபடி ஆயிடலாம். நான் பஸ் ஏறிடுவேன்."

தாள் முதலில் ஹத்தூவிடம் போனது.

"ரத்தாயிட்டா இந்த நிழல் நாற்காலியில யார் வேணா உட்காருவாங்களே" என்று அவர் அதை நகர்த்திவிட்டார். எதிர்காலத்தவர், தங்கள் காலத்தில் காகிதமே வழக்கொழிந்துவிட்டது என்று தொட மறுத்தார்கள். லஹ்லூ நம்பிக்கையோடு கற்காலத்து அறுபது பேரிடம் போனார். அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவோடு வந்தார்கள்.

"ரத்தெல்லாம் வேணாம் சீதி. எங்களுக்குக் கீழ ஒரு காலம் திறந்து விடுங்க, போதும். குரங்கா இருந்த காலம்னு ஒண்ணு இருந்துச்சாமே? அதுல போடறதுக்கு எங்க தெருவுலயே நாலு பேர் இருக்காங்க."

இத்தோவிடம் வந்தார். அவள் பேனாவைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் இவருக்குச் சட்டப்படி காப்பாளர். வீட்ல எல்லாம் ஒழுங்கா நடக்குது. எதுக்கு வம்பு?"

கடைசியில் மூஹா. நிழலில், ரோமாபுரிக்கும் முன்னால் தனியாகப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவருக்கு மட்டும் வாதுமை எண்ணெய் ஊற்றி ரொட்டி வைத்திருந்தார்.

"உங்களாலதான் இந்த வழியே பிறந்தது. நீங்க போட்டா மத்தவங்களும் போடுவாங்க" என்றார் லஹ்லூ.

மூஹா தாளை வாங்கினார். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"மனுதாரர் நீங்கதானே? உங்க காலச் சான்றிதழ் நகல் இணைக்கலையே."

"எனக்கு ஏது சான்றிதழ்? நான் குடுக்கறவனாச்சே."

"அதெப்படி? எந்தக் காலம்னே தெரியாத ஆள்கிட்ட மனு வாங்கிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு நானில்ல பதில் சொல்லணும்? மனுவை இங்க வெச்சுட்டுப் போங்க சீதி. பார்க்கலாம்."

லஹ்லூ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து, எக்காலத்தவர் அட்டைக்கு மூஹாவின் சிபாரிசு வாங்க வந்து காத்திருந்த ஹத்தூ அவர் தோளைத் தட்டி, வரிசையில் வரும்படி கேட்டுக்கொண்டார்.