கொட்டாஞ்சேனையில் பனி

மாட்டுக் கொட்டிலின் கூரையில் பனி விழுந்திருந்ததைக் கண்டதும் கிளெமென்றுக்கு வியர்த்துக் கொட்டியது.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வீட்டுக்குள் வைக்கும் பாலன் குடிலுக்குப் பஞ்சால் பனி போடுவது அந்தச் சின்னத் தெருவில், ஒழுங்கை முழுவதுக்கும் வழக்கம்தான். ஆனால், வீட்டு ஸ்டோர் அறையில் அவர் வைத்திருந்த பையைக் காணவில்லையே! அதில் இருந்தது, வத்தளைத் தொழிற்சாலையில் உலையின் உட்சுவருக்குப் பதிக்கும் செராமிக் நார். பார்த்தால் அசல் பஞ்சு. ஆயிரம் பாகைச் சூட்டுக்கும் அசையாது. தூசி கிளம்பினாலோ மூச்சோடு போய் நெஞ்சில் குடியேறிவிடும். திங்கட்கிழமை தொழிலாளர்களுக்கு எடுக்கும் பாதுகாப்பு வகுப்புக்கு ஒத்திகை பார்க்கவென்று, காவலாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அங்கே பாதுகாப்பு அதிகாரியே அவர்தான். 'ஒரு நூல் வெளியே போனாலும் வேலை போகும்' என்று மனேஜர் கொன்ஸ்ரன்ரைன் போட்ட அறிவித்தலின் கீழே கையெழுத்து வைத்தவரும் அவரே. அந்த மனேஜர்தான் இன்று ஐந்து மணிக்கு ஒழுங்கைக் குடில்களுக்குப் பரிசு சொல்ல வருகிறார்.

மனைவி ஜெனிற்றா சந்தைக்குப் போயிருந்தாள். போன் அடித்தால், அது சாப்பாட்டு மேசையிலேயே பாடியது.

கூட்டக்கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும். அவருடைய வகுப்பின் முதல் பாடம் அது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். குடிலின் விளக்குகள் படாரென்று வெடித்தன; வீட்டு மின்சாரமும் போயிற்று. ஒரு ராஜா பொம்மையின் தாடிச்சாயம் கரைந்து ஒட்டகத்தின் மேல் வழிந்தது.

இரண்டாம் பாடம்: முகமூடி, கண்ணாடி, தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி. வகுப்புக்கென்று வீட்டில் வைத்திருந்ததை மாட்டிக்கொண்டு, அந்தக் கோலத்தில் சன்னலைத் திறந்தார். எதிர்வீட்டு ஷஹீமா அலறினாள்.

"கிளெமென்ற் அண்ணே! என்ன நோய்?"

"நோய் இல்ல, தங்கச்சி! கிட்ட மட்டும் வராதீங்க!"

இதைவிட நோய் என்றே சொல்லியிருக்கலாம். பத்து நிமிடத்தில் ஒழுங்கை முழுவதும் பழைய கொரோனா மாஸ்க்குகளோடு வாசலில் நின்றது. யாரோ சுகாதாரப் பரிசோதகருக்கும் போன் அடித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கொன்ஸ்ரன்ரைன் காரில் வந்து இறங்கினார்.

"என்ன இது, கிளெமென்ற்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சேர், குடில்ல கிடக்கிறது உலை நார். நான்தான் ஃபெக்டரியில இருந்து கொண்டுவந்தனான். வேலையால நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க. முதல்ல இந்தச் சனத்தத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது!"

மனேஜரின் முகம் வெளுத்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜெனிற்றா வந்தாள், கையில் முருங்கைக்காயோடு.

"இஞ்சேருங்கோ! அது பாமசியில வாங்கின பஞ்சு! உங்கட சாமான ரெண்டு பைக்குள்ள கட்டிப் பின்னால பூட்டி வச்சிருக்கிறன். பதினெட்டு வருசமாச் சாப்பாட்டு மேசையில நீங்க எடுக்கிற வகுப்பு எனக்கு மட்டும் ஏறாதா?"

முகமூடிக்குள் கிளெமென்றுக்குக் காதல் பொங்கியது. அடுத்த கணமே உறைத்தது. யாரும் பிடிக்காத திருட்டை ஊரறிய ஒப்புக்கொண்டாயிற்றே!

மனேஜர் அவருடைய தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். வேலை போயிற்று என்று கிளெமென்ற் கண்ணை மூடிக்கொண்டார்.

"உடுப்பக் கழட்டாத, ஐசே. அப்பிடியே கார்ல ஏறு," என்று மனேஜர் அவர் காதுக்குள் கிசுகிசுத்தார். "ஹெந்தளையில எங்கட வீட்டுக் குடிலுக்கு, ஃபெக்டரி ஸ்டோர்ஸ்ல இருந்து அந்த நார்தான் மூண்டு ரோல் கொண்டுபோய்ப் பனி போட்டிருக்கிறன்."