பந்தி நடுவில் ஓர் அடுப்பு

கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எங்கே தேடினாலும், தயிர்சாதத்தைக் கலக்காமல் சாப்பிடும் மனிதர் கலப்படம் அண்ணன் ஒருவர்தான். ஒரு வாய் வெறும் சோறு, ஒரு வாய் வெறும் தயிர். ஏன் என்று கேட்டால், “உள்ள போயி கலந்துக்கட்டும். அது வயித்தோட வேல. அத நான் ஏன் செய்யணும்?” என்பார்.

கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் இருக்கும் எங்கள் சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் அவர்தான் மூத்தவர். எதைப் பார்த்தாலும் “கலப்படம்” என்று முகம் சுளிப்பதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. எதிர் டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே போதும். பால் ஒரு கிளாசிலும் டிகாஷன் இன்னொரு கிளாசிலும் சர்க்கரை தாளிலுமாக வந்துவிடும். அவரும் சளைத்தவரல்ல. எங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், ஊர் சொல்லித்தான். நான் மணலூர்பேட்டை. முதலாளி, திருக்கோவிலூர் சார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டுகிறவர்கள். வம்சத்திலேயே பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. எனக்கென்று தனியாகக் கிடைத்த முதல் வேலை, மலைமேல் இருக்கும் ஒரு பெண்கள் குழு சாமையும் தினையும் விற்பதற்கான இணையதளம். அது சரியாக வந்தால் ப்ரோக்ராமர், வராவிட்டால் டைப்பிங் சீட் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

இந்த மாதிரிப் பக்கங்களை இரண்டு விதமாக எழுதலாம். விலையைக் கணக்குப் போடும் வரிகளை, ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிப் பக்கத்தின் நடுவிலேயே செருகிவிடலாம். அல்லது கணக்கை வேறிடத்தில் எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து, பக்கத்தில் அந்தப் பெயரை மட்டும் போடலாம். அந்தப் பெயருக்கு டேக் என்று பெயர். டேக்குகளைச் சேர்த்து வைத்தால் டேக் லைப்ரரி. முதல் வழி சீக்கிரம் முடியும். நான் அதைத்தான் செய்துவைத்திருந்தேன்.

கலப்படம் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். செத்த எலியைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார்.

“இன்னாம்மா மணலூர்பேட்டை, பந்தி நடுவுல அடுப்ப வெச்சிக்கினு குந்தியிருக்க?”

“சோறு வந்தா போதும்ணா.”

“சோறு வரும். சாப்புடறவன் கண்ணுல பொகையும் வரும்.”

இருக்கிறதே ஓடுகிறது, விட்டுவிடு என்றார் முதலாளி. அதற்கு அண்ணன், தன் கண் முன்னால் ஒரு வரி ஜாவா பக்கத்துக்குள் இருந்தாலும் அதைத் தன் கையால் தொடமாட்டேன் என்று ஆபீஸ் நடுவில் நின்று சத்தியம் செய்தார். பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் டேக்குகளாக மாற்றவைத்தார். முடிந்ததும் பார்த்தேன். ‘விலை’ என்று ஒரு டேக். அதை வைத்த இடத்தில் விலை வந்து நின்றது. எங்கே சமைக்கிறார்கள் என்றே தெரியவில்லை, இலையில் மட்டும் சுடச்சுடச் சோறு. அன்றைக்கு அவர் வெறும் தயிர் சாப்பிட்டதுகூட எனக்கு மகானின் காரியமாகத்தான் தெரிந்தது.

பக்கத்தைக் காட்ட முதலாளியும் அண்ணனும் நானுமாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினோம். குழுவுக்குத் தலைவி பொன்னம்மா. லேப்டாப்பை ஒரு முறை பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“கிலோன்னு போட்டுக்கிது. நாங்க படியிலதான அளக்கறோம்? படி இன்னா வெலன்னு தெரியாத எப்படி விக்கறது? கீழ நாட்டுல நல்லா படிச்ச பொண்ணுன்னாங்களே.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு படி சாமையும் ஒரு படி தினையும் ஒரே எடை இல்லை. எங்கள் டேக்குக்குத் தெரிந்தது கிலோ மட்டும். அதைத் திருத்துவதென்றால் அதை எழுதிய வரிகள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. மலையில் சிக்னல் கிடையாது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே டைப்பிங் சீட் தெரிந்தது.

அண்ணன் எழுந்தார். சாமையை ஒரு படி, தினையை ஒரு படி அளந்து தராசில் வைக்கச் சொன்னார். பிறகு லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்து, பக்கத்தின் நட்டநடுவில் நாலு வரி ஜாவாவைத் தட்டினார். முகத்தை மட்டும் மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். படிக்கு இவ்வளவு என்று விலை வந்து நின்றது.

“இன்னாய்யா கலப்படம், அடுப்பு பந்திக்கே வந்துடுச்சா?” என்றார் முதலாளி.

“பந்தியில நம்ம பொண்ணு பசியோட குந்திக்கினு இருக்குது சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். பொன்னம்மா விலையைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இறங்கும்போது பஸ்சில் முதலாளி என்னை ப்ரோக்ராமர் என்று கூப்பிட்டார்.

அண்ணன் இப்போது சென்னையில் இருக்கிறார். அவர் நாற்காலியில் நான். பக்கத்துக்குள் யாராவது ஜாவா எழுதினால் முகம் சுளிப்பதும் இப்போது நான்தான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த எலவனாசூர்கோட்டைப் பெண் அந்த நாலு வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். இதையும் டேக்காக மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள்.

மற்றதில் எது இருந்தாலும் மாற்று, இதை மட்டும் தொடாதே என்றேன். எனக்காக மூட்டிய அடுப்பு அது.