மதியச் சங்கும் எங்கள் போஸ்ட்-ராக் குழுவும்

பாடகர் இல்லாத இசைக்குழு தன் அரசியலைத் தலைப்பில்தான் வைக்க முடியும். எங்கள் குழுவில் தலைப்பு வைப்பது என் வேலை. கீபோர்டும் நான்தான் வாசித்தேன். ஆனால் தலைப்பில்தான் எனக்குத் திறமை அதிகம் என்று மற்ற மூவரும் சொல்வார்கள்.

நாங்கள் வாசித்தது போஸ்ட்-ராக். மெதுவாகத் தொடங்கி, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கால் மணி நேரம் கழித்து மொத்தமாக இடிந்து விழும். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்த அப்பா அந்த இடிபாடு வரை ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பாதியில் எழுந்து மோட்டார் போடப் போய்விடுவார். (தொட்டி நிரம்பியிருந்தாலும் போவார்.)

தொழிற்சாலையைத் தனியாருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சாக இருந்த வருடம் அது. (சரியான தேதிகள் என்னிடம் இருக்கின்றன, யாரும் கேட்பதில்லை.) தொழிலாளர் வரலாறு பற்றித் தடித்தடியாகச் சில புத்தகங்கள் படித்திருந்தேன். விளைவாக, 'விற்பனைக்கு எதிரான நான்காவது அறிக்கை' என்ற எங்கள் புதிய இசைக்கோவை பிறந்தது. முதல் மூன்று அறிக்கைகள் கிடையாது.

தொழிற்சங்க ஆண்டுவிழாவில் அதை வாசிக்க அப்பாதான் செயலாளரிடம் கேட்டு இடம் வாங்கிக் கொடுத்தார். "பையன் நம்ம பிரச்சனைய வச்சுதான் பண்ணிருக்கான் தோழர்," என்று அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே ஆசை. இந்த ஒன்றையாவது அவர் கடைசிவரை கேட்க வேண்டும்.

அதற்காகவே இடிபாட்டுக்கு முன்னால் தொழிற்சாலைச் சங்கைச் சேர்த்தேன். உழைப்பின் குரல் என்பது என் எண்ணம். மொட்டை மாடியில் நின்று கைப்பேசியில் பதிவு செய்தேன். காலைச் சங்குக்கு நான் எழுந்ததே இல்லை என்பதால் மதியச் சங்கு.

விழா அன்று சமுதாயக்கூடம் நிறைந்திருந்தது. அப்பா முதல் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில். பக்கத்துக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுகள் நீண்டுபோய், எங்கள் முறை வந்தபோது ஒரு மணியை நெருங்கியிருந்தது. பத்து நிமிடம் மரியாதையாகக் கேட்டார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். பெரிய ஸ்பீக்கர்களில் சங்கு ஊதியது.

மண்டபமே எழுந்தது. எங்கள் இசை மக்களைத் தட்டி எழுப்பிவிட்டது என்று ஒரு கணம் நம்பினேன். பிறகு எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். முதலில் எழுந்தவர் அப்பா. நாற்காலிக்கு அடியில் இல்லாத டிபன் கேரியரை அவர் கை தேடியது.

அம்பத்தூர்க்காரன் டில்லி, எங்கள் டிரம்மர், அடிப்பதை நிறுத்தாமலே என் பக்கம் குனிந்தான். "இன்னா மச்சான், அல்லாரும் எங்க போறாங்கோ?"

"சாப்பிட."

"காலைல ஊதுறத புடிச்சிருந்தாகூட வேலைக்குப் போயிருப்பாங்கோ. நீ சோத்து சங்க புடிச்சிகினு வந்துகீற."

அப்பா குனிந்தவாறே தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே, மடியில் கை வைத்து, தனியொருவராக இடிபாடு முழுவதையும் கேட்டார். மாதக்கணக்கில் உழைத்த இடிபாடு. பக்கத்துக் கூடத்தில் அப்பளம் நொறுங்கியது அதையும் மீறிக் கேட்டது.

முடிந்ததும் மேடை ஓரத்துக்கு வந்தார். "கடைசில நல்லாத்தான்டா இருக்கு. வா, வடை தீந்துடும்."

அடுத்த வருடமும் செயலாளர் கூப்பிட்டார். முன்னால் வருவதெல்லாம் வேண்டாம், அந்தச் சங்கு மட்டும் போதும் என்றார். பந்திக்குக் கூட்டத்தை அனுப்ப அவ்வளவு சுலபமான வழி இதுவரை கிடைத்ததில்லையாம். போனோம்.

அப்பா ஓய்வுபெற்று இப்போது அயனம்பாக்கத்தில் எங்களோடு இருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், "எம்பையன் வாசிச்சா மண்டபமே எழுந்து நிக்கும்," என்று ஆரம்பிப்பார்.

"கை கழுவ," என்று அம்மா முடித்துவைப்பார்.