உன்னிஷ்டக்காரன்

கோபக்காரர்களைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இன்னோர் இனம் இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. உன்னிஷ்டக்காரர்கள். என்ன சாப்பிடலாம் என்று கேளுங்கள், "உன் இஷ்டம்" என்பார்கள். ஃபேனை நிறுத்தவா என்று கேளுங்கள், அதற்கும் அதே பதில். வீடு தீப்பிடித்து எரிகிறது, வாசல் வழியாக ஓடலாமா, ஜன்னல் வழியாகக் குதிக்கலாமா என்றாலும், முகத்தில் கருணை வழிய, "உனக்கு எது வசதியோ" என்பார்கள். திட்டவும் முடியாது. அன்புதானே?

நம்ம பெயின்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன இடத்தில் அவன் வாயைப் பார்க்க வேண்டுமே. ஹாலுக்குக் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு கேட்ட வீட்டுக்காரரிடம், "சார், இதுல குடியிருக்கப் போறீங்களா, பஸ் நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டு வேலையையே கோட்டை விட்டவன். அப்பேர்ப்பட்டவன் சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதே பூனையாகிவிடுவான். உள்ளே அவன் காதலன் இருக்கிறான்.

காதலன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பது அவன் பிழைப்பு. இதற்கு முன்னால் வேறொருவனோடு இருந்தான். எந்தச் சட்டை போடுவது, யாரோடு போனில் பேசுவது, எதற்குச் சிரிப்பது என்று எல்லாவற்றையும் அந்தப் பழையவன்தான் முடிவு செய்வான். மறுத்தால் கை நீளும். ஒருவழியாகத் தப்பித்து வந்துவிட்டான்தான், ஆனாலும் இன்றைக்கும் எங்காவது ஒரு தட்டு விழுந்தால் அவன் தோள் காதுவரை ஏறிவிடும்.

அதைப் பார்த்த பெயின்டர், தன் வீட்டில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது என்று முடிவு கட்டினான். கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டான், தும்மலைத் துண்டுக்குள் தும்மினான், சொந்த அபிப்பிராயங்களை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்தான். "இது வீடாடா, ஆஸ்பத்திரி வார்டா?" என்று அவன் அக்கா கேட்டாள். "மெதுவாப் பேசுக்கா" என்று பதில் வந்தது.

அப்போதுதான் படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்கும் யோசனை வந்தது. காதலன் நீலம் கேட்டான். "உன் இஷ்டம்." கத்திரிப்பூ நிறம்? "உன் இஷ்டம்." வேண்டுமென்றே சோதித்தான், இருமல் மருந்து நிறத்தில் ஒரு சிவப்பைக் காட்டினான். பெயின்டரின் தொழில் மானம் துடித்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உனக்குப் பிடிச்சா சரி."

காதலன் டப்பாவைக் கீழே வைத்தான். "நான் கடைப் பக்கமா வேற ரூம் பாத்துக்கறேன்டா."

பெயின்டரின் வாய் பழக்க தோஷத்தில், "உன் இஷ்..." என்று ஆரம்பித்து, பாதியில் நின்றது.

"பாத்தியா? அங்க அவன் மட்டும் இருந்தான். இங்க நான் மட்டும் இருக்கேன். நீ எங்கடா போன?"

போகக் கூடாது என்று சொல்லலாமா? பழையவன் சொன்னதும் அதைத்தானே. பெயின்டர் திக்கித் திணறினான். "போறதும் இருக்கறதும் உன் முடிவு. தடுக்க மாட்டேன். ஆனா எனக்குப் பிடிக்கலை. துளிகூடப் பிடிக்கலை. நீ இங்கயே இருக்கணும்னு இருக்கு. அப்புறம் அந்தச் சிவப்பு இருக்கே, கேவலம். மகா கேவலம்."

வீசிய கை பட்டு டப்பா மூடி தரையில் ணங்கென்று விழுந்தது. காதலனின் தோள் காதுக்கு ஏறியது. பெயின்டர் மூச்சு விடவில்லை, இருந்த இடத்தைவிட்டு நகரவுமில்லை. மூடி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"என்ன கேவலம்? வெளிச்சமே வராத ரூமுக்கு இதுதான் சரி. உனக்குக் கலர் தெரியலை. கடைக்கு வா, கண்ணை டெஸ்ட் பண்றேன்."

"எனக்கா தெரியலை?"

வாரக்கணக்கில் சண்டை நடக்கிறது. பாதிச் சுவர் சிவப்பு, பாதி நீலம். ரூம் பார்க்கிற பேச்சையே காணோம்.

அது கிடக்கட்டும். இந்தக் கதை உங்களுக்குப் பிடித்ததா? "உங்க இஷ்டம், எப்படி எழுதினாலும் சரி" என்று நாக்கு நுனிவரை வந்ததா? வந்திருந்தால், புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்து அறையை எட்டிப் பாருங்கள். அங்கே ஒருவர் சத்தமில்லாமல் வேறு ரூம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.