முப்பத்தாறுக்கு இருபத்தொன்பதும் எண்ணூறுக்கு அறுநூற்று நாற்பதும்

பெருமைக்குரிய சகலை அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அக்காளைக் கட்டியவன் எழுதிக்கொண்டது.

இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் சுகம். அங்கே சுகமா என்று தனியாகக் கேட்கவில்லை. உங்கள் மகள் நுழைவுத் தேர்வில் எண்ணூறுக்கு அறுநூற்று நாற்பது வாங்கிய செய்தியைப் போனில் சொன்னீர்களே, அந்தக் குரலிலேயே உங்கள் ஆரோக்கியம் தெரிந்துவிட்டது.

நிற்க. அதே நாள்தான் என் மகளுக்கும் ரிசல்ட் வந்தது. நான் கடையில் ஒருவருக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது ஓடிவந்து, "இருபத்தொம்பதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அறுநூற்று நாற்பது எங்கே, இருபத்தொன்பது எங்கே? எனக்குக் கை தடுமாறி இடது ஷூவை அவருடைய வலது காலில் திணிக்க, அந்த மனிதர் வலியில் பெஞ்சை விட்டே எழுந்துவிட்டார். மறுநாள் நீங்கள் விசாரித்தபோது ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். உங்கள் தேர்வுக்கு வந்த ரிசல்ட் எங்கள் தேர்வுக்கு மட்டும் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்காமல் விட்டதற்கு நன்றி. இரண்டு நாள் நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டேன். பொறுக்கமுடியாமல் மகள் கடைக்கே வந்து இரண்டு கம்பெனிப் பெட்டிகளை இறக்கி முன்னால் வைத்தாள். ஒரே காலுக்கு இந்தக் கம்பெனியில் எட்டு, அந்தக் கம்பெனியில் நாற்பத்திரண்டு, அதற்காக நாற்பத்திரண்டு போட்டவனை ராட்சசன் என்றா சொல்கிறீர்கள் என்று கேட்டாள். இவள் எழுதியது வேறு தேர்வாம், மொத்தமே முப்பத்தாறுதானாம். அதுவும் எத்தனை விடை சரி என்கிற எண்ணிக்கை இல்லையாம். ஒரு நாள் கேள்வித்தாள் கஷ்டமாகவும் இன்னொரு நாள் சுலபமாகவும் இருக்கும் அல்லவா, அதை ஈடுகட்டி எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் போட்டுத் தருகிற எண்ணாம். இருபது வருஷமாக நம்பரைப் பார்க்காதீர்கள், போட்டுப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே நம்பரைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். உங்கள் மகள் எழுதிய தேர்வின் அளவுகோல் இருநூறில்தான் ஆரம்பிக்கிறதாம். பெயரை எழுதிவிட்டுத் தூங்கினாலும் இருநூறு உண்டாம். அப்போது அறுநூற்று நாற்பதில் இருநூறு வாசலிலேயே கொடுத்தது. நீங்கள் போனில் அதைக் கழிக்காமல் சொன்னீர்கள். போகட்டும்.

பிறகுதான் பர்சன்டைல் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. இவளுக்கு அது தொண்ணூற்றொன்று. நான் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு மார்க் என்று நினைத்து எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்காரரிடம் சொல்லிவிட்டேன். அது மார்க் இல்லை, தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் இவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தமாம். மார்க்கைவிட இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் கூட்டத்தில் உங்கள் மகள் முகம் தெரிகிறதா என்று பார்க்கத்தான் அன்று உங்களுக்குப் போன் செய்தேன், உங்கள் முதுகுவலியை விசாரிக்க இல்லை. நான் தொண்ணூற்றொன்று என்றேன், நீங்கள் எண்பத்துநான்கு என்றீர்கள். லைன் சரியில்லை என்று சொல்லி இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான். அது வேறு கூட்டம், இது வேறு கூட்டம், இரண்டையும் ஒட்டிப் பார்க்கக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். யார் பெரியவள் என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். உங்கள் மகள் எங்கள் தேர்வை எழுதட்டும், எங்கள் மகள் உங்கள் தேர்வை எழுதட்டும். அதுவரைக்கும் இரண்டு பேரும் எந்தக் காலேஜிலும் சேர வேண்டாம். இவளுக்கு இடம் கிடைத்தாயிற்று, வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போடாவிட்டால் போய்விடுமாம். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவள் சொன்னாள்:

"காலேஜ்ல கேட்டது இருபத்தேழு. என்கிட்ட இருபத்தொம்பது இருக்கு. அவ எவ்வளவுன்னு அங்க யாருமே கேக்கலப்பா, நீங்க மட்டுந்தான் கேக்கறீங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. இருந்தாலும் நான் இறங்கி வருவதாக இல்லை. உங்கள் சம்மதத்தை உடனே எழுதவும். உங்கள் மனைவிக்கு என் அன்பு, மகளுக்கு என் ஆசிகள், அளவோடு.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் மகள் கடைக்குள் வந்தாள். என் மகளின் பழைய தேர்வுப் புத்தகங்கள் வேண்டுமாம். தொண்ணூற்றொன்றைக் கேட்டதிலிருந்து நீங்கள் தூங்கவில்லையாம், அவளையும் எங்கள் தேர்வை எழுதச் சொல்கிறீர்களாம், அவளுக்குக் கிடைத்த இடத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறீர்களாம். அவளுக்கும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம். "நீங்க சொன்னா அப்பா கேப்பாரு, பெரியப்பா. உங்க மேல அவருக்கு ரொம்ப மரியாதை" என்றாள். கையிலிருந்த கடிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் என் மகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்ப எழுதப் பொறுமை இல்லாததால் இதையே உங்கள் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே உள்ளதை விட்டுவிட்டு இங்கிருந்து படிக்கவும். நான் இதை எழுதும் வரை அவள் சும்மா இருக்காமல், காலையில் யாரோ கலைத்துப் போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். என் மகள் ஒருநாளும் இந்தக் கடையில் குனிந்ததில்லை. எனக்கு வயிறு எரிகிறது, சகலை. இவளை வைத்துக்கொண்டா தூக்கம் வரவில்லை என்கிறீர்கள்? பேனாவை எடுங்கள்.