பேராசிரியர் சம்மதித்தார்

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்த பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவே திரண்டு வாசலில் நின்றது. முன்னால் தையல்காரர், கையைக் கட்டிக்கொண்டு.

"சார், நகராட்சித் தேர்தல் வருது. இந்தத் தடவை நம்ம வார்டுக்கு..."

"என்னது, தேர்தலா!"

மிச்சத்தைக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவர். மாணவன் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை முடித்துவிடுவார்.

"முடியவே முடியாது. என் புத்தகம் கடைசி அத்தியாயத்துல நிக்குது. எனக்கு வீட்டுல அமைதி வேணும்."

"நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னாப் போதும் சார். மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

"மாட்டேன்னா மாட்டேன்!"

கதவைச் சாத்திவிட்டு மீதி முகத்தை மழித்தார். அவசரத்தில் கத்தி வழுக்கிப் பாதி மீசை போனது. வேறு வழியில்லாமல் மறு பாதியையும் எடுத்தார்.

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு. ஆட்களை விரட்டுவதற்குத் தன் சொற்பொழிவைவிடச் சிறந்த ஆயுதம் இல்லை என்பது அவருடைய வகுப்பறை அனுபவம். பதவி மனிதனை எப்படிக் கெடுக்கும், குடும்பத்தை எப்படிக் குலைக்கும் என்று மூச்சு விடாமல் பேசினார். ஒருவரும் நகரவில்லை. இஸ்திரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பொறுப்பா யோசிக்கிறார் பாருங்கய்யா! அப்ப சரின்னு எடுத்துக்கலாமா சார்?"

பேராசிரியர் வெலவெலத்துப்போய்ப் பின்வாசல் வழியாகக் கல்லூரிக்கு ஓடினார். அங்கே முதல்வர் ஓடிவந்து கையைக் குலுக்கினார்.

"உங்க வீட்டுக்கு இப்படி ஒரு கௌரவமா! குறுக்கே நிக்காதீங்க சார்."

தலை சுற்ற வீடு திரும்பினார். தெருப் பெண்களோடு குடிநீர் அலுவலகத்துக்குப் போயிருந்த மனைவி அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது அவங்களைப் போகச் சொல்லேன்!"

"எப்படிங்க சொல்றது? எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நீயுமா? அப்புறம் வீட்டை யார் பார்ப்பா?"

"கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும். பழகிடும். ஆனா நீங்க மனசாரச் சொல்லணும். வேண்டாம்னா விட்டுடலாம்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் இறங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் ஆசை என்று சொல்லிக் கேட்டதில்லை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்மேல் இவளுக்கு இவ்வளவு நம்பிக்கையா!

மனு கொடுக்கக் கடைசி நாள் காலை. வாசலில் கால் வைக்க இடமில்லை. பேராசிரியர் கண்ணாடி முன் நின்று கைகூப்பிப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கூப்பினால் எடுப்பாகத்தான் இருந்தது. வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"உங்க அன்புக்கு முன்னால என் புத்தகம் பெரிசில்லை. சம்மதிக்கிறேன்!"

தெரு அதிர்ந்தது. விசில் பறந்தது. தையல்காரர் தேம்பித் தேம்பி அழுதார். ஒலிபெருக்கி கட்டிய திறந்த ஜீப் ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றது. பேராசிரியர் ஒரே தாவலில் ஏறி, கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்று, கண்ணில் நீர் முட்டக் கைகூப்பினார்.

ஜீப் நகரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் இறங்குங்க. அதான் நீங்க சம்மதம் குடுத்துட்டீங்களே, அம்மா ஏறட்டும்."