கொடியில் தொங்கிய முதுகு

தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான். ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. பத்துப் பேர் கண்விழித்து ஒன்றைக் கட்டி முடிப்பார்கள். நான் காலையில் சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு வந்து, எங்கே ஒழுகுகிறது என்று விரல் வைத்துக் காட்டுவேன். அதற்குக் கைதட்டல் வேறு. இப்படியே வயது நாற்பதைத் தாண்டிவிட்டால் மனுஷனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் கண்ணில் படாது, இலையின் கிழிசல்தான் படும்.

"ஆக்கத் தெரியாதவனுக்கு உப்புப் பார்க்க மட்டும் தெரியும்" என்பாள் என் மனைவி கோமதி. மதுரைக்காரி. இது பழமொழியா, அந்த நேரத்துக்கு அவளே செய்ததா என்று கேட்கக் கூடாது. (கேட்டேன். "எங்க ஊருல சொல்றதுதேன்" என்றாள். அவள் ஊரில் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.)

ஒரு கோடையில் அந்த வேலை போயிற்று. தப்புக் கண்டுபிடிக்க இனி ஆள் தேவையில்லை, மிஷினே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நல்ல மரியாதையோடுதான் சொன்னார்கள். அந்த மரியாதையிலும் ஒன்றிரண்டு தப்பு இருந்தது. சொல்லவில்லை.

வேலை போனவர்கள் தாடி வளர்ப்பார்கள். நான் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கினேன். (தாடியும் வளர்ந்தது, அது தானாக.) கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் போட்டேன். அப்போது எனக்கு உலகமே அந்த நிறத்தில்தான் தெரிந்தது, கலருக்குச் செலவழிப்பானேன்?

மல்காஜ்கிரியில் எங்கள் ஃபிளாட். கோமதி அல்வாலில் ராணுவக் கணக்கு அலுவலகத்துக்குப் போவாள். மகள் மித்ரா பள்ளிக்கூடம் போவாள். நான் பால்கனிக்குப் போவேன். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மழை விழும், எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழியும், பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏங்க, சாப்பிட வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "நீங்க சாப்பிடுங்க, வர்றேன்" என்பேன். அப்புறம் அவர்கள் இருவரும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். மித்ரா கொஞ்ச நாள் என்னிடம் வந்து "கைக்கு அப்பா? கியா ஹுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். (ஏன், என்ன ஆயிற்று என்று அர்த்தம். ஹைதராபாத்தில் பிறந்த பிள்ளை. தமிழில் கேட்டால் ஊர் ஹிந்தியில்தான் பதில் வரும்.) பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு உயிர் வரும். அல்வாலில் டாக்டர் இம்தியாஸ் என்று ஒரு பல் டாக்டர், என் வயதுக்காரர். அவருடைய கிளினிக்கில் பழைய எக்ஸ்ரே கழுவும் இருட்டறை ஒன்று உண்டு. அதில் எங்களைப் போன்ற ஃபிலிம் பைத்தியங்களுக்கு இடம் கொடுத்திருந்தார். வாரம் பூரா அவரவர் வசதிப்படி வந்து கழுவி, பிரின்ட் போட்டுக்கொள்ளலாம். ஞாயிறு காலையில், நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் நைலான் கொடி கட்டி, துணி கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிடுவோம். யார் படம் என்று பெயர் இருக்காது. ஒவ்வொன்றையும் பற்றி எல்லாரும் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இது டாக்டர் வைத்த சட்டம். "பல்லு பிடுங்கும்போது பேஷன்ட் பேசினால் கதை கெட்டது" என்பார்.

பேசாமல் இருக்க வேண்டும் என்ற சட்டம் மற்றவர்களுக்கு. பேசுவதற்கென்றே பிறந்தவன் நான். அந்தக் கொடிக்கு முன் நின்றால் என் பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கும். அடிவானம் சாய்ந்திருக்கிறது. ஃபோகஸ் மூக்கில் இருக்கிறது, கண்ணில் இல்லை. மூலையில் தூசி. இடது பக்கம் வெளிச்சத்தில் வெந்துபோயிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கி அடுக்குவேன். ஒருமுறை சைலஜா என்ற பெண் தன் சின்னம்மாவை எடுத்த படத்தைத் தொங்கவிட்டிருந்தாள். "பாஸ்போர்ட் ஆபீஸ்காரன் இதைவிட நன்றாக எடுப்பான்" என்றேன். அந்தச் சின்னம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"பாய், பிடுங்குவதற்கு முன்னாடி மரத்துப்போக ஊசி போடணும்" என்று டாக்டர் அன்று என் தோளில் கை போட்டார். "நீங்க நேரா இடுக்கியைத்தான் எடுக்கிறீங்க."

"உண்மை வலிக்கத்தான் செய்யும் டாக்டர்" என்றேன். (அடடா, என்ன ஒரு பெருமிதம்! அந்த முகத்தை இப்போது பார்த்தால் நானே ஓர் அறை விடுவேன்.)

இதற்கிடையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஒரு ரோலைக் கழுவிக் காயப்போட்டபோது, கடைசி ஃபிரேமில் நான் எடுக்காத ஏதோ ஒன்று இருந்தது. கம்பிகளுக்கு நடுவில், நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறி, ஒரு பொதி. வீட்டுக்கு வந்து கத்தினேன். "யாரோ கேமராவைத் தட்டிவிட்டிருக்கீங்க. ஒரு ஃபிரேம் வீண். ஏதோ அழுக்கு மூட்டை விழுந்திருக்கு."

மித்ரா தோளைக் குலுக்கினாள். கோமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மூட்டையா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா. லாண்டரி மூட்டை மாதிரி."

"அந்த நெகட்டிவ் எங்கிட்டு இருக்கு?"

"கிளினிக்லதான் கிடக்கு, வேண்டாததோட வேண்டாததா."

கீரைத்தண்டை ஒடிக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் அவள் ஆபீஸிலிருந்து தாமதமாக வந்தாள். "ஆடிட்" என்றாள். நானும் நம்பினேன். அவள் கைவிரல்களில் ஒரு புளித்த வாடை அடித்ததைக்கூடக் கவனித்தேன். எந்நேரமும் பிரின்ட் கழுவுகிறவன், அது கெமிக்கல் வாடை என்று கண்டுபிடித்திருக்க வேண்டாமா? ஊறுகாய் என்று நினைத்தேன். பெரிய டெஸ்டர்!

அந்த ஞாயிறு நல்ல மழை. "நானும் வர்றேங்க, வீட்ல தனியா என்ன செய்ய" என்று கோமதி ஸ்கூட்டரை எடுத்தாள். மித்ரா டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். என் திறமையை அவள் ஒருநாளாவது நேரில் பார்க்கட்டுமே என்று ஒரு ஆசை. பார்த்தாள்.

முதலில் என் படம். மல்காஜ்கிரி கடைத்தெருவில் மூடிக்கிடக்கும் ஷட்டர்கள். அந்த ஆறேழு மாதமாக நான் எடுத்ததெல்லாம் இதே ஜாதிதான்: சுவர், ஷட்டர், காலிப் படிக்கட்டு. பெயர் போடாவிட்டாலும் என்னுடையது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சைலஜா தெலுங்கில் மெல்லச் சொன்னாள். "மனுஷங்களே இல்லை. டூ லெட் போர்டு மட்டும்தான் பாக்கி. வாடகைக்கு விட எடுத்த மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை. என் உச்சியில் சூடேறியது. சட்டப்படி வாயை மூடிக்கொண்டு, அடுத்த படத்துக்காகக் கறுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த படத்தில் ஓர் ஆள். பின்னாலிருந்து எடுத்திருந்தது. பால்கனி, கம்பி, வெளியே மழை. பிளாஸ்டிக் நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். கழுத்து முன்னால் தொங்குகிறது. உச்சந்தலையில் வழுக்கை ஆரம்பிக்கிறது. காலடியில் குடிக்காத காபி டம்ளர். ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வழிந்துகொண்டிருக்கிறது.

சைலஜா ரொம்ப நேரம் பார்த்தாள். "இவரை யாராவது சாப்பிடக் கூப்பிடணும்போல இருக்கு" என்றாள்.

"இதெல்லாம் விமர்சனம் இல்லம்மா" என்று நான் எழுந்தேன். "நான் சொல்றேன். ஒன்று, ரொம்ப இருட்டு. இரண்டு, கம்பி கோணல். மூன்று, அந்தப் பனியன். தோள்கிட்ட ஓட்டை பாருங்க. பரிதாபம் வரணும்னு தேடிப்பிடிச்சுப் போட்டுவிட்டிருக்காங்க. நான்கு, இந்த மாதிரி எந்த மனுஷனும் உட்கார மாட்டான். சுடுகாட்டுல எரிச்சுட்டு வந்தவன்கூட இதைவிட நிமிர்ந்து உட்காருவான். அப்பட்டமான போஸ்."

"நக்கோ பாய், வேண்டாம், போதும்" என்றார் டாக்டர். அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பல் பிடுங்கும்போது யார் நிறுத்துவார்கள்?

"கடைசியா ஒண்ணு. இதை எடுத்தவங்களுக்கு இந்த ஆள்மேல கொஞ்சமும் அக்கறை இல்லை. இருந்தா கிட்டப் போய் எழுப்பிக் கூட்டிட்டு வந்திருப்பாங்க. பின்னாடி நின்னு படம் எடுத்துக்கிட்டிருக்க மாட்டாங்க!"

உட்கார்ந்தேன். ஹாலில் மழைச் சத்தம் மட்டும். என் பேச்சின் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் பேசியாச்சு" என்றார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "எடுத்தவங்க இனி பேசலாம்."

என் பக்கத்து நாற்காலியிலிருந்து கோமதி எழுந்தாள்.

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "நீ உட்காரு, எடுத்தவங்கதான் பேசணும்."

"அதேன் எந்திரிச்சேன்" என்றாள்.

நேரே போய்க் கிளிப்பைக் கழற்றிப் படத்தை எடுத்தாள். "இருட்டுன்னு சொன்னது சரி. முதல் பிரின்ட்டு. நெகட்டிவை வேற பக்கம் மாத்திப் போட்டுட்டேன், எல்லாம் இடம் வலமா விழுந்துருச்சு. டாக்டர்தான் இப்புடியே இருக்கட்டும்னாரு." பிறகு படத்தைத் திருப்பி, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டியில் முதுகுப்பக்கமாக ஒட்டவைத்து சுவிட்சைப் போட்டாள்.

காகிதத்தை ஊடுருவி வெளிச்சம் வந்தது. தண்ணீர்த் தொட்டி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வந்தது. பால்கனியின் துணிக்கொடி தன் ஆணிக்குப் போய்ச் சேர்ந்தது. டம்ளர் என் வலக்கால் ஓரம் வந்து நின்றது. பல்லின் சொத்தையைப் பார்க்கிற பெட்டியில் என் வீட்டுப் பால்கனி. அதன் நடுவில் நான் பார்த்த லாண்டரி மூட்டை.

அந்தப் பனியன் அப்போது என் சட்டைக்குள்தான் இருந்தது. ஓட்டையோடு.

கோமதி என்னைப் பார்த்துத்தான் பேசினாள். சத்தமே போடவில்லை. "போஸ் இல்லீங்க. ஆறு மாசமா இப்புடித்தேன் உட்கார்ந்திருக்கீங்க. எழுப்பிக் கூட்டிட்டு வரலைன்னு சொன்னீங்களே. தினமும் கூப்பிட்டேன். வாயால கூப்பிட்டு வரலை. அதேன் இப்புடிக் கூப்பிட்டுப் பார்த்தேன்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று ஆயிரம் தடவை ஊருக்குச் சொன்னவன் நான்.

சைலஜாதான் எழுந்து வந்து என் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தாள். "சூடா குடிங்க அண்ணா. கீழே வைக்காதீங்க" என்றாள். பாஸ்போர்ட் ஆபீஸ் விஷயத்துக்குப் பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவள் வாங்கவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது.

திரும்பும்போதும் மழை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கோமதியின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. ரெயின்கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு ஓட்டியிருக்கிறாள், போகும்போதும் அப்படித்தான். அவள் முதுகையும் நான் அன்றுதான் பார்த்தேன். ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிடுவேன்போல இருந்தது.

மத்தியானம் "சாப்பிட வாங்க" என்று குரல் வந்தது. போனேன். மித்ரா என்னைப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து மூன்றாவது தட்டை எடுத்து வைத்தாள். குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை. (இதைத் திருந்தியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வாரமே சொல்லிவிட்டேன்.)

இப்போது சின்னதாக ஒரு வேலை இருக்கிறது. கோமதி நன்றாகவே பிரின்ட் போடுகிறாள், என்னைவிட. கிளினிக் கொடிக்கு முன் யாராவது புதிதாக வந்து விரல் மடக்க ஆரம்பித்தால், "கொஞ்சம் இருங்க, அது நீங்க இல்லைதானே?" என்று டாக்டர் கேட்பார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

அந்தப் படம், இடவலம் மாறியது மாறியபடியே, எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன். விருந்தாளிகள் எல்லாரும் கட்டாயம் கேட்பார்கள், "யாருங்க இது?" என்று. கோமதி சாதம் போட்டுக்கொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்வாள்:

"எங்களுக்கு முன்ன இந்த வீட்ல குடியிருந்தவரு. காலி பண்ணிட்டுப் போயிட்டாரு."

முழுக்கக் காலி செய்யவில்லை. மழை பிடித்துக்கொண்டால் சில நாள் கால் தானாகப் பால்கனிக்குப் போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து லேசாக முன்னால் சாயும்போதே, உள்ளேயிருந்து மித்ரா கத்துவாள்:

"அம்மா! பழைய டெனன்ட் ஃபிர் ஆகயே!"

பழைய குடித்தனக்காரர் திரும்பி வந்துவிட்டாராம். எழுந்துவிடுவேன். சில நாள் அவள் இரண்டு தடவை கத்த வேண்டியிருக்கிறது.